கும்பகர்ணனுக்கு ஒரு மிஸ்டு கால்!

லேப் டேஸ் – வாராவாரம் கொஞ்சம் டெக், கொஞ்சம் கேம்பஸ்



கும்பகர்ணனை எழுப்ப ராவணனோட ஆளுங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். முரசு அடிச்சு, சங்கு ஊதி, யானையை மேல ஏற விட்டு... அதுக்கப்புறம்தான் தலைவர் ஒரு கண்ணைத் திறந்தார். நம்ம கம்ப்யூட்டர் அவ்வளவு மோசம் இல்லை. பவர் பட்டன்ல ஒரு தட்டு, எழுந்துடும். ஆனா அந்த ஒரு தட்டு தட்ட நீங்க பக்கத்துல இருக்கணுமே!

கம்ப்யூட்டர் மாடியில, நீங்க கீழே. கம்ப்யூட்டர் லேப்ல, நீங்க ஹாஸ்டல்ல. உங்களுக்கு வேண்டிய ஃபைல் அதுக்குள்ள பத்திரமா இருக்கு, அது ஷட் டவுன் ஆகி குறட்டை விட்டுட்டு இருக்கு. என்ன பண்ணுவீங்க பாஸ்?

ஒரு மிஸ்டு கால் குடுக்கலாம். நிஜமாத்தான். நெட்வொர்க் கேபிள் வழியா ஒரு சின்ன பாக்கெட் அனுப்பினா, ஆஃப்ல இருக்கற மெஷின் தானா ஆன் ஆகும். இதுக்குப் பேர் வேக்-ஆன்-லேன். அதுலயும் மதர்போர்டோட வந்த போர்ட் இல்லாம, தனியா வாங்கிச் சொருகின நெட்வொர்க் கார்டு வழியா இதைப் பண்றது எப்படி? இந்த வாரம் அதுதான்.

ஏன் இப்போ இந்த சப்ஜெக்ட்?

எங்க டிபார்ட்மென்ட் லேப்ல நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் ஒண்ணே ஒண்ணுதான். மூணாவது வருஷ மினி ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீமுக்குக் கிடைச்சது. டீம்ல நாலு பேர் – ரெண்டு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. ரோட்டு வீடியோவைப் பார்த்து வண்டிகளை எண்ணற ப்ராஜெக்ட். ஒரு தடவை மாடலை ட்ரெயின் பண்ண அஞ்சு மணி நேரம் ஆகும்.

பகல்ல கிளாஸ். ஸோ, ரன் பண்றதெல்லாம் சாயங்காலம்தான். லேப் ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கும். பாய்ஸ் ஹாஸ்டல் இன்-டைம் 10 மணி. எங்க ஹாஸ்டல் இன்-டைம் ஆறரை. கணக்கு புரியுதா? ரன் பண்றது, எரர் வந்தா நோண்டறது, திரும்ப ஓட்டறது எல்லாம் பசங்க பக்கம் போச்சு. ரிப்போர்ட் டைப் அடிக்கறது, பி.பி.டி.க்கு கலர் தேடறது எங்க பக்கம் வந்துச்சு. யாரும் பேசி வெச்சுப் பிரிக்கலை. கடிகாரம் பிரிச்சுடுச்சு.

முதல் ரிவ்யூல பேனல் எங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்ட கேள்வி எல்லாமே ரிப்போர்ட் ஃபார்மேட் பத்தி. மாடல் பத்தின கேள்வி எல்லாம் பசங்களுக்கு. மார்க்கும் அப்படித்தான் வந்துச்சு. நாளைக்கு இன்டர்வியூல உக்காரும்போது 'இந்த ப்ராஜெக்ட்ல நீங்க என்ன பண்ணீங்க?'ன்னு கேட்டா, 'ஸ்பைரல் பைண்டிங்' அப்படின்னா சொல்ல முடியும்?

ரிமோட் லாகின் போட்டு ஹாஸ்டல்ல இருந்தே ஓட்டலாம்னா, மெஷின் ஆன்ல இருக்கணும். 9 மணிக்கு மேல எந்த மெஷினும் சும்மா ஓடக்கூடாதுன்னு ஹெச்.ஓ.டி. மேம் ஆர்டர். அதுவும் நியாயமான ஆர்டர்தான், பின்னாடி கணக்கு சொல்றேன். ஆக, வேணும்கறப்ப எழுப்பி, வேலை முடிஞ்சதும் தூங்க வைக்கணும். இதுல இன்னொரு ட்விஸ்ட்: போன ஐப்பசி மழையில விழுந்த இடியில அந்த மெஷினோட ஆன்போர்டு லேன் போர்ட் காலி. அதுக்குப் பதிலா ஸ்லாட்ல ஒரு தனி கார்டு சொருகியிருந்தாங்க. அந்தக் கார்டு வழியாத்தான் எழுப்பணும்.

தூங்கறவங்களுக்கும் காது கேக்கும்!

பி.சி.யை ஷட் டவுன் பண்ணா அது முழுசா ஆஃப் ஆகறதில்லை. ப்ளக்ல கரன்ட் இருக்கற வரைக்கும், பவர் சப்ளையில இருந்து வர்ற ஊதா கலர் ஒயர்ல 5 வோல்ட் வந்துக்கிட்டே இருக்கும். ஸ்டாண்ட்பை சப்ளைன்னு பேர். நீங்க பவர் பட்டனை அமுக்கறது மதர்போர்டுக்குத் தெரியறதே இதனாலதான். இந்த ஸ்டாண்ட்பை கரன்ட்ல ஒரு பங்கு நெட்வொர்க் கார்டுக்கும் போகும். பிராசஸர், ஃபேன், ஹார்ட் டிஸ்க் எல்லாம் தூங்கும். கார்டு மட்டும் ஒரு காதைத் திறந்து வெச்சிருக்கும்.

எதைக் கேக்கறதுக்கு? மேஜிக் பாக்கெட். மந்திரமெல்லாம் ஒண்ணும் இல்லை, உள்ளே இருக்கறது இவ்வளவுதான்: முதல்ல 6 பைட், ஆறுமே 255. அதுக்குப் பின்னாடி அந்தக் கார்டோட மேக் அட்ரஸ், அது 6 பைட், அப்படியே 16 தடவை. 6 + 96 = 102 பைட். 'டேய்ய்ய்'னு ஒரு சவுண்ட் விட்டுட்டு, பேரைச் சொல்லி 16 தடவை கூப்பிடறது. எக்ஸாம் அன்னிக்குக் காலையில அம்மா பண்ற அதே டெக்னிக்!

தன்னோட அட்ரஸ் 16 தடவை வந்துச்சுன்னா, கார்டு ஸ்லாட்ல இருக்கற ஒரு தனி பின் வழியா மதர்போர்டைத் தட்டும். மதர்போர்டு பவர் சப்ளையை ஆன் பண்ணும். நீங்களே போய் பட்டனை அமுக்கின மாதிரிதான். அதுக்கு மேல வழக்கமான பூட்.

ஏன் மிஸ்டு கால்னு சொல்றேன்னா, இதுல பேச்சு கிடையாது, பதிலும் கிடையாது. 'வந்துச்சு, எழுந்துட்டேன்'னு கார்டு திருப்பிச் சொல்லாது. எழுந்துச்சான்னு நாமதான் கொஞ்ச நேரம் கழிச்சு பிங் பண்ணிப் பார்க்கணும்.

ஐடியா பழசுதான். ஏ.எம்.டி. கம்பெனி ஹெச்.பி.யோட சேர்ந்து உருவாக்கினது. 1995-ல இதைப் பத்தி ஏ.எம்.டி. ஒரு டெக்னிக்கல் பேப்பர் வெளியிட்டது. அப்புறம் ஐ.பி.எம்.மும் இன்டெல்லும் சேர்ந்து வேக்-ஆன்-லேன்கற பேர்ல ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்தாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போனதும் ராத்திரியில மெஷின்களை எழுப்பி, சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு, திரும்பத் தூங்க வைக்கறதுக்கு.

தனிக் கார்டுல மட்டும் ஏன் தலைவலி?

ஆன்போர்டு போர்ட்னா மதர்போர்டு கம்பெனியே எல்லா ஒயரிங்கையும் பண்ணித் தந்துடும். தனிக் கார்டு வாடகைக்கு வந்த ஆள் மாதிரி. ஸ்லாட்டுக்கு ஸ்டாண்ட்பை கரன்ட் வரணும், தட்டறதுக்கு பின் இருக்கணும், பயாஸ் 'சரி, தட்டலாம்'னு பர்மிஷன் குடுக்கணும். மூணுல ஒண்ணு இல்லைனாலும் கதை கந்தல்.

ரொம்பப் பழைய பி.சி.ஐ. கார்டுகள்ல இதுக்குன்னே மூணு பின் இருக்கற குட்டி ஒயர் ஒண்ணு வரும். கார்டுல ஒரு முனை, மதர்போர்டுல 'வேக்-ஆன்-லேன்'னு எழுதியிருக்கற இடத்துல மறுமுனை. ஒரு ஒயர் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, ஒண்ணு கிரவுண்ட், ஒண்ணு தட்டற சிக்னல். 1998-ல வந்த பி.சி.ஐ. 2.2 ஸ்டாண்டர்டுல 3.3 வோல்ட் ஸ்டாண்ட்பை சப்ளை ஸ்லாட்டுக்குள்ளயே வந்துடுச்சு. இப்போ இருக்கற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்லயும் அதே 3.3 வோல்ட் உண்டு, 'வேக்'ங்கற பேர்லயே ஒரு பின்னும் உண்டு. அதனால புது கார்டுக்குத் தனி ஒயர் தேவையில்லை.

கார்டு வாங்கும்போது கவனிங்க: ஜிகாபிட் கார்டு ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல கடைக்காரர் 'எல்லாமே ஒண்ணுதான் தம்பி'ன்னுதான் சொல்வார். டப்பா மேல வேக்-ஆன்-லேன் சப்போர்ட்னு போட்டிருக்கான்னு நீங்களே படிச்சுப் பாருங்க. சிப் ஒரே சிப்பா இருந்தாலும், கார்டு தயாரிக்கறவர் ஸ்டாண்ட்பை கரன்ட்டுக்கான கனெக்‌ஷனை விட்டுட்டா அது எழுப்பாது. யு.எஸ்.பி. லேன் அடாப்டரை இதுக்காக வாங்காதீங்க. ஸ்லீப்ல இருந்து சிலது எழுப்பும், முழு ஷட் டவுன்ல இருந்து எழுப்பறது அபூர்வம்.

செட்டிங்ஸ்: அஞ்சே ஸ்டெப்!

1. பயாஸ். ஆன் பண்ணதும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி உள்ளே போங்க. பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல 'பவர் ஆன் பை பி.சி.ஐ.-ஈ' அல்லது 'ரெஸ்யூம் பை பி.சி.ஐ.-ஈ டிவைஸ்' மாதிரி ஒரு வரி இருக்கும். எனேபிள். இங்கதான் பல பேர் வழுக்கி விழறாங்க: 'ஆன்போர்டு லேன்'னு பேர் போட்ட ஆப்ஷனை ஆன் பண்ணிட்டு வந்துடுவாங்க. அது மதர்போர்டோட சொந்த போர்ட்டுக்கு. நம்ம கார்டு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்ல இருக்கு, அந்தப் பேர்ல இருக்கற ஆப்ஷன்தான் நமக்கு.

2. அதே பக்கத்துல ஈ.ஆர்.பி. அல்லது ஈ.யு.பி.னு ஒண்ணு இருந்தா, டிஸேபிள். இது ஐரோப்பிய யூனியனோட மின்சார சிக்கன விதிக்காக வந்தது. ஆஃப்ல இருக்கும்போது மெஷின் 2010-ல இருந்து 1 வாட்டுக்கு மேலயும், 2013-ல இருந்து அரை வாட்டுக்கு மேலயும் இழுக்கக்கூடாதுன்னு அங்க ரூல். இதை ஆன் பண்ணா மதர்போர்டு ஸ்டாண்ட்பை கரன்ட்டைக் கார்டுக்குப் போகாம கட் பண்ணிடும். காதுல பஞ்சு வெச்ச மாதிரி!

3. விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர். நெட்வொர்க் அடாப்டர்ஸ்ல உங்க கார்டை டபுள் கிளிக் பண்ணுங்க. அட்வான்ஸ்டு டேப்ல 'வேக் ஆன் மேஜிக் பாக்கெட்' எனேபிள். ரியல்டெக் கார்டுன்னா 'ஷட் டவுன் வேக்-ஆன்-லேன்'னு தனியா ஒண்ணு இருக்கும், அதுவும் எனேபிள். பவர் மேனேஜ்மென்ட் டேப்ல 'கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி'க்கு டிக். அதுக்குக் கீழ 'மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டும்'கறதுக்கும் மறக்காம டிக். இல்லைன்னா நெட்வொர்க்ல சும்மா போற வர்ற பாக்கெட்டுக்கெல்லாம் மெஷின் முழிச்சுக்கும். நடுராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்ல ஃபேன் சத்தம் கேட்டா பேய்னு நினைச்சுக்காதீங்க.

4. ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் ஆஃப். விண்டோஸ் 8-ல இருந்து ஷட் டவுன்னு சொன்னாலும் அது முழு ஷட் டவுன் இல்லை; பாதி ஹைபர்னேட். அந்த நிலையில விண்டோஸ் கார்டோட காதை மூடிட்டுப் போயிடும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'பவர் பட்டன் என்ன செய்யணும்'கற பக்கத்துல அந்த டிக்கை எடுத்துடுங்க.

லினக்ஸ்காரங்களுக்கு: ஈத்-டூல்னு ஒரு கமாண்ட் இருக்கு. அதுல கார்டு பேரைக் குடுத்தா 'வேக்-ஆன்'னு ஒரு வரி காட்டும். 'டி' இருந்தா டிஸேபிள், 'ஜி' இருந்தா மேஜிக் பாக்கெட்டுக்கு ரெடி. 'டி'யை 'ஜி' ஆக்குங்க. பல மெஷின்ல ரீபூட் ஆனதும் இது பழையபடி போயிடும். அதனால நெட்வொர்க் மேனேஜர்லயே வேக்-ஆன்-லேன் செட்டிங்கை நிரந்தரமா போட்டு வெக்கறது நல்லது.

5. மேக் அட்ரஸைக் குறிச்சுக்கோங்க. ரெண்டு போர்ட் இருக்கற மெஷின்ல ரெண்டு மேக் அட்ரஸ் இருக்கும். சொருகின கார்டோடதுதான் வேணும். செத்துப்போன போர்ட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா யார் வருவா?

பாக்கெட்டை அனுப்ப மொபைல்ல இலவச ஆப் நிறைய இருக்கு. பைத்தான் தெரிஞ்சா அஞ்சாறு வரியில நீங்களே எழுதலாம். யு.டி.பி. போர்ட் 9 அல்லது 7-னு எல்லா இடத்துலயும் போட்டிருப்பாங்க, ஆனா தூங்கற கார்டு போர்ட் நம்பரையே பார்க்காது. 102 பைட் வரிசையா இருக்கான்னு மட்டும்தான் பார்க்கும். அனுப்ப வேண்டிய அட்ரஸ் ப்ராட்காஸ்ட் அட்ரஸ் – உங்க நெட்வொர்க் 192.168.1-ல ஆரம்பிச்சா, பெரும்பாலும் 192.168.1.255.

டெஸ்ட் பண்ணும்போது முதல்ல ஸ்லீப்ல போட்டு எழுப்பிப் பாருங்க. அது ஓகேன்னா ஷட் டவுன்ல இருந்து. நேரா ரெண்டாவதுக்குப் போனா எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

எழுந்திருக்கலையா? நாடி பிடிச்சுப் பாருங்க!

* ஷட் டவுன் பண்ணதும் மெஷினுக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. கார்டு போர்ட்லயும் ஸ்விட்ச்லயும் லைட்டே இல்லைனா கரன்ட் பிரச்னை. ஈ.ஆர்.பி. ஆஃப்ல இருக்கா? கார்டை வேற ஸ்லாட்ல மாத்திப் பாருங்க. அப்பவும் லைட் இல்லைனா கார்டு சரியில்லை.

* லைட் எரியுது, ஆனா எழலை. அப்போ செட்டிங் பிரச்னை. மெஷினை ஆன் பண்ணி, அதுல வயர்ஷார்க் ஓட விட்டு, மிஸ்டு காலை அனுப்புங்க. பாக்கெட் திரையில வருதுன்னா வழி சரி. கோளாறு பயாஸ் அல்லது டிரைவர்ல. வரலைனா வழியிலயே தொலையுது.

* ஆஃப் பண்ண அஞ்சு நிமிஷத்துக்குள்ள எழுது, ஒரு மணி நேரம் கழிச்சு எழலை. இது ஒரு கிளாசிக்! நீங்க ப்ராட்காஸ்டுக்குப் பதிலா மெஷினோட ஐ.பி. அட்ரஸுக்கு அனுப்பறீங்க. தூங்கற மெஷினுக்குத் தன் ஐ.பி.யே ஞாபகம் இருக்காது. இந்த ஐ.பி. யாரோடதுன்னு மத்த மெஷின்களும் ரவுட்டரும் கொஞ்ச நேரம்தான் நினைவு வெச்சிருக்கும். அது மறந்ததும் பாக்கெட் போக வழியில்லை.

* மொபைல்ல இருந்து அனுப்பறீங்க, வைஃபை கெஸ்ட் நெட்வொர்க்ல இருக்கீங்க. கெஸ்ட்டை வீட்டுக்குள்ள விடாது பாஸ். மெயின் நெட்வொர்க்குக்கு மாறுங்க.

* முந்தாநாள் வரைக்கும் ஜோரா எழுந்துச்சு, இன்னிக்கு எழலை. நடுவுல கரன்ட் போச்சான்னு விசாரிங்க. 'மேஜிக் பாக்கெட் வந்தா தட்டு'ன்னு விண்டோஸ் சொல்லிட்டுப் போனதை கார்டு ஸ்டாண்ட்பை கரன்ட்டை வெச்சுத்தான் ஞாபகம் வெச்சிருக்கும். கரன்ட் போனா மறதி. திரும்ப ஒரு தடவை பூட் ஆனாத்தான் ஞாபகம் வரும். மருந்து: பயாஸ்ல 'ஏ.சி. பவர் போய் வந்தா என்ன செய்யணும்'கற இடத்துல 'பவர் ஆன்'. கரன்ட் வந்ததும் மெஷின் தானா எழும். யாரும் லாகின் பண்ணலைனா பத்து நிமிஷத்துல ஷட் டவுன் ஆகற மாதிரி ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போட்டா, திரும்ப உஷாரா தூங்கும். நம்ம ஊர் பவர் கட்டுக்கு இது கட்டாயம்.

கரன்ட் கணக்கு

சும்மா ஆன்ல கிடக்கற டெஸ்க்டாப் 60 வாட் எடுக்குதுன்னு வெச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்: 1.44 யூனிட். மாசத்துக்கு 43 யூனிட். அதே மெஷின் ஷட் டவுன் ஆகி, காது மட்டும் திறந்திருந்தா 2 வாட்னு வெச்சுக்கலாம். 30 நாளைக்கு? அதே 1.44 யூனிட்! ஒரு நாள் சும்மா ஓடற காசுல ஒரு மாசம் தூங்கலாம்.

40 மெஷின் இருக்கற லேப்ல எல்லாரும் ஆஃப் பண்ணாமப் போனா, ராத்திரி 14 மணி நேரத்துக்கு 33.6 யூனிட். மாசம் 25 நாள்னா 840 யூனிட். ஹெச்.ஓ.டி. மேம் கோவப்படறதுல நியாயம் இருக்குன்னு சொன்னேன்ல?

கேம்பஸ்ல போட்டா?

வீட்ல நீங்கதான் ராஜா. காலேஜ்ல மூணு பேரைக் கேக்கணும். கேக்காமப் பண்ணாதீங்க. மேஜிக் பாக்கெட்டுக்குப் பொதுவா பாஸ்வேர்டு கிடையாது. உங்க மேக் அட்ரஸ் தெரிஞ்ச, அதே நெட்வொர்க்ல இருக்கற யாரும் உங்க மெஷினை எழுப்பலாம். உள்ளே நுழைய முடியாது, ஆனா எழுப்பி எழுப்பிக் கடுப்பேத்தலாம்.

எங்க கதையில முதல் தடை சிஸ்டம் அட்மின் சார். ஹாஸ்டல் ஒரு நெட்வொர்க், லேப் இன்னொரு நெட்வொர்க். ப்ராட்காஸ்ட் பாக்கெட் ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாண்டாது. வெளியிலிருந்து வர்ற ப்ராட்காஸ்ட்டை உள்ளே விடக்கூடாதுன்னு 1999-லயே ரவுட்டர்களுக்கு ஸ்டாண்டர்டை மாத்திட்டாங்க. அதை வெச்சு நெட்வொர்க்கைக் கவுக்கற அட்டாக் அப்போ ரொம்ப நடந்துச்சு. 'அதைத் திறக்கச் சொல்லாதீங்க, வேற வழி இருக்கு'ன்னார் சார். லேப் நெட்வொர்க்லயே எப்பவும் ஓடற டிபார்ட்மென்ட் சர்வர் ஒண்ணு உண்டு. அதுல எங்க நாலு பேருக்கும் தனித்தனி லாகின் குடுத்தார். அந்த லாகின்ல ரெண்டே வேலை: அந்த ஒரே ஒரு மெஷினுக்கு மிஸ்டு கால் குடுக்கறது, எழுந்ததும் அதுக்குள்ள போறது. யார், எத்தனை மணிக்கு எழுப்பினாங்கன்னு அது பதிவு பண்ணும்.

ரெண்டாவது தடை லேப் அண்ணா. தினமும் 9 மணிக்கு மெயின் ஸ்விட்சையே ஆஃப் பண்ணிட்டுப் போறது அவர் டியூட்டி. மெயின் ஆஃப்னா ஸ்டாண்ட்பை கரன்ட் ஏது? நாங்க போய்க் கேட்டப்ப அவர் சொன்னது: 'ஏம்மா, ராத்திரி ஏதாவது புகைஞ்சா செக்யூரிட்டி உங்களையா எழுப்புவார், என்னைத்தானே?' நியாயம்தானே. ஏ.சி. இல்லாத ரூம்ல அஞ்சு மணி நேரம் ஓடற மெஷின், பக்கத்துல ஆள் இல்லை. அதனால நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கற ரேக்கோட யு.பி.எஸ். லைன் எப்பவும் ஆன்ல இருக்கறதால அந்த ஒரு மெஷினை அதுக்கு மாத்தினோம். கிராஃபிக்ஸ் கார்டு சூடு ஒரு அளவைத் தாண்டினா ரன்னை நிறுத்தி ஷட் டவுன் பண்ற ஸ்கிரிப்ட் போட்டோம். மூணாவது ஆள் ஹெச்.ஓ.டி. மேம். எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்தோம், கையெழுத்து வாங்கினோம், மெஷின் மேலயே ஒட்டினோம். அதுல முதல் வரியே, 'இரவில் இந்த மெஷின் தானாக இயங்கினால் லேப் உதவியாளர் பொறுப்பல்ல.' அண்ணா அதை ரெண்டு தடவை படிச்சுட்டு, சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுக் கிளம்பினார்.

அன்னிக்கு ராத்திரி 10.50-க்கு என் ப்ராஜெக்ட் மேட் ஹாஸ்டல் ரூம்ல இருந்து பாக்கெட்டை அனுப்பினா. பத்து செகண்ட், இருபது செகண்ட், ஒண்ணும் இல்லை. நாப்பது செகண்ட்ல பிங்குக்கு பதில் வந்துச்சு! பக்கத்து ரூம் எல்லாம் 'என்னடி ஆச்சு?'ன்னு ஓடி வர்ற அளவுக்குக் கத்தினோம். ராத்திரி மழையில எடுத்த வீடியோவை மட்டும் தனியா எடுத்து அவ அந்த வாரம் மூணு தடவை ஓட்டினா. ஈர ரோட்டுல விழற ஹெட்லைட் வெளிச்சத்தையும் மாடல் வண்டின்னு எண்ணுதுன்னு கண்டுபிடிச்சது அவதான்.

ரெண்டாவது ரிவ்யூல பேனல் கேட்ட முதல் கேள்வியே, 'மழையில ஏன் எண்ணிக்கை கூடுது?' பசங்க ரெண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தாங்க. அவ எழுந்து அஞ்சு நிமிஷம் பேசினா. லாகின் பதிவுல நாலு பேர் பேரும் வரிசையா இருந்துச்சு.

மெஷின் எழுந்துடுச்சு. ஆனா ஆறரை மணி ஆறரை மணியாத்தான் இருக்கு. பாதுகாப்பைக் காரணம் சொல்லி, ஹாஸ்டல்ல மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை மாணவிகளுக்கு மட்டும் போடக்கூடாதுன்னு யு.ஜி.சி. 2015 விதிமுறையிலயே சொல்லியிருக்கு. அது நிறைய பேருக்குத் தெரியாது. உங்க காலேஜ்ல எப்படின்னு கேட்டுப் பாருங்க. சாஃப்ட்வேர் வேலையை ஹாஸ்டல்ல இருந்து ஓட்டிடலாம். சால்டரிங் அயர்னையும் ஆசிலாஸ்கோப்பையும் எந்த பாக்கெட் அனுப்பி எழுப்பறது? ப்ராஜெக்ட் நாட்கள்ல பொண்ணுங்களுக்கும் லேப் மூடற வரைக்கும் நேரம் வேணும்னு, 31 பேர் கையெழுத்துப் போட்டு ஹாஸ்டல் கமிட்டிக்கு லெட்டர் குடுத்திருக்கோம். பதில் இன்னும் வரலை.

அடிக்கடி கேக்கற கேள்விகள்

லேப்டாப்ல வேலை செய்யுமா?
நெட்வொர்க் போர்ட் இருக்கற லேப்டாப்னா, சார்ஜர் சொருகியிருக்கும்போது சில மாடல்கள்ல ஆகும். வைஃபை வழியான்னா பெரும்பாலும் ஸ்லீப்ல இருந்து மட்டும்தான். பேக்குக்குள்ள வெச்சுட்டு எழுப்பி விளையாடாதீங்க, சூடாகிடும்.

ஊர்ல இருக்கற வீட்டு பி.சி.யை ஹாஸ்டல்ல இருந்து எழுப்பலாமா?
ரவுட்டர்ல போர்ட் திறந்து விடற வழியை மறந்துடுங்க. பாதுகாப்பும் இல்லை, நம்ம ஊர்ல நிறைய பிராட்பேண்ட் கனெக்‌ஷன்ல தனி ஐ.பி.யும் கிடையாது. வீட்ல எப்பவும் ஆன்ல இருக்கற ஒரு குட்டி மெஷின் – ராஸ்பெர்ரி பை இல்லைன்னா வேக்-ஆன்-லேன் வசதி இருக்கற ரவுட்டர் – வெச்சு, வி.பி.என். வழியா அதுக்குள்ள போய், அதுகிட்ட இருந்து மிஸ்டு கால் குடுக்கறதுதான் சரி.

எழுந்துச்சு, ஆனா உள்ளே போக முடியலை?
பயாஸ்லயோ டிஸ்க்லயோ பாஸ்வேர்டு போட்டிருந்தா, எழுந்து அங்கயே நின்னுட்டு இருக்கும். இன்னொண்ணு: விண்டோஸ் ஹோம் எடிஷனுக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப் வழியா நுழைய முடியாது. ப்ரோ வேணும், இல்லைன்னா வேற ரிமோட் சாஃப்ட்வேர்.

பி.சி.யை எழுப்பற மாதிரி ரூம் மேட்டை எழுப்ப ஏதாவது?
அதுக்கு யானைதான். வேற வழி இல்லை.

உங்க லேப்ல, ஹாஸ்டல்ல கடிகாரம் எந்த வேலையை யாருக்குப் பிரிச்சுக் குடுத்திருக்குன்னு எழுதி அனுப்புங்க. நல்ல லெட்டர்களை இந்தப் பக்கத்துலயே போடறோம்.

அடுத்த வாரம்: இடி விழுந்தா முதல்ல போறது ஏன் எப்பவும் லேன் போர்ட்? ஐப்பசி வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்குவோம். வரட்டா!